சூடம் கொளுத்திய தட்டு

உங்கள் கையில் இருக்கிற போன் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டு நின்றால் போதும், "என்னப்பா இது" என்று சலித்துக்கொள்கிறீர்கள். உங்கள் வயதில் நான் ஒரு கம்ப்யூட்டரோடு பட்ட பாட்டைக் கேளுங்கள். அப்புறம் சலித்துக்கொள்ளலாம்.

அதைக் கம்ப்யூட்டர் என்று சொன்னால் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பிடிக்காது. வொர்க்ஸ்டேஷன் என்று சொல்ல வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டர்கள் வெறும் எழுத்தைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், கப்பலையும் பாலத்தையும் வரைவதற்கென்றே இன்ஜினியர்களுக்காகச் செய்த மிஷினாம். அன்றைக்கு அதன் விலைக்கு ஒரு வீடு வாங்கலாமாம். செய்ததே கொஞ்சம், செய்த கம்பெனியும் இப்போது இல்லை, இந்தியாவில் இதேபோல் இன்னொன்று இருந்தாலே அதிசயம் என்பார். எனக்கு அதைவிட அதிசயம், அவ்வளவு பெரிய மிஷினில் ஒரு கேம்கூட இல்லாததுதான்.

மெட்ராஸில் மாமா வேலை பார்த்த, கப்பல் வரைபடம் போடும் ஆபீசிலிருந்து லாரியில் அது வந்து இறங்கியது. லீவு என்று மாமாவும் கூடவே வந்திருந்தார். ஆலங்குடியில் எங்கள் வீட்டில் கடலை மூட்டை அடுக்கும் அறை அதற்குப் போனது. மூட்டைகள் கூடத்துக்கு வந்தன. டிவி பார்க்க ஒரு மூட்டை மேல் ஏறி உட்கார வேண்டும். மிஷினின் திரை மட்டுமே ஆட்டுக்கல் கனம். அதன் வயர் எதிலும் சேராது, எதன் வயரும் அதில் சேராது. சுவிட்சைப் போட்டால், உலை கொதித்துச் சோறு வடித்த பிறகுதான் முழுதாக விழிக்கும். அதற்குள் கரண்டு போய்விடும். மறுபடி முதலிலிருந்து. "மனுசனுக்கு ஃபேன் இல்ல, இதுக்கு ஃபேன் போடணுமாம்" என்று அப்பா தினமும் புலம்புவார். ஆனால் எடுத்துக்கொண்டு போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. திரையின் மூலையில் இரண்டு கண்கள் இருக்கும். மவுசை நகர்த்தினால், அம்புக்குறி போகிற பக்கமெல்லாம் அவை திரும்பிப் பார்க்கும். அந்த மவுசும் லேசுப்பட்டதில்லை. கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு உலோகத் தட்டு, அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். மவுசின் அடியில் இருக்கிற வெளிச்சம் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்ளும். வெறும் மேஜையில் வைத்தால் அசையாது. இன்னொரு தட்டு வேண்டுமென்றால் எந்த ஊரிலும் கிடைக்காது.

ஒரு விஷயத்தை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மாமா சொன்ன மாதிரி லீவில் வரவில்லை. அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். குப்பைக்குப் போக இருந்த மிஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அப்பாவிடம் மட்டும் சொல்லி, அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட, தம்பி மெட்ராஸில் பெரிய வேலையில் இருப்பதைச் சொல்லாமல் வர மாட்டாள்.

மாமா சும்மா இருக்கவில்லை. பஸ் ஏறிக் கோட்டைப்பட்டினம் போய், விசைப்படகு கட்டும் பட்டறை வைத்திருந்த ஒரு பாயைப் பார்த்தார். மரத்தை அறுப்பதற்கு முன்னாலேயே படகு எப்படி வரும் என்று திரையில் சுற்றிக் காட்டலாம் என்று அவரிடம் சொன்னார். திருவரங்குளம் பக்கம் மரம் பார்க்க வரும்போது வருகிறேன், பிடித்திருந்தால் பட்டறையிலேயே வேலை தருகிறேன் என்றாராம் பாய். அவர் வருவதாகச் சொன்னது ஆயுத பூஜைக்கு மறுநாள்.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் எதையும் விடாது. அரிவாள்மனை, தண்ணீர் மோட்டார், சைக்கிள், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. மாமா அவல், பொரி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அம்மா அந்த மிஷினுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டத் தட்டு தேடினாள். பக்கத்திலேயே பளபளவென்று ஒன்று கிடந்தது. அதோடு வந்த தட்டு அதற்கே ஆகட்டும் என்று, நடுவில் சூடத்தை வைத்துக் கொளுத்திவிட்டாள்.

மாமா வந்து துடைத்துப் பார்த்தார். கரி போனது. கூடவே அந்த இடத்துக் கோடுகளும் போயின.

"சூடம் காட்டுற தட்டு இல்லையாடா அது?"

"இல்லக்கா. அதப் பாத்துத்தான் அது வழி கண்டுபிடிச்சுப் போகும்."

"ஒரு சூடத்தத் தாங்கல. இது என்னடா பெரிய மிஷினு" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். மாமா தட்டை மறுபடி துடைத்தார். அவர் கத்தவில்லையே என்று எனக்குத்தான் ஆத்திரம்.

மறுநாள் பாய் வந்தார். ஆச்சரியமாகக் கரண்டும் இருந்தது. திரையில் கோடு கோடாக ஒரு படகு வந்தது. மாமா மவுசை நகர்த்த, தட்டின் நடுவுக்கு வந்ததும் அம்பு நின்றுவிட்டது. அதோடு மூலையில் இருந்த கண்களும் நின்றன. எடுத்து ஓரத்தில் வைத்தார். கொஞ்சம் போய் மறுபடி நின்றது. எனக்குப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. மாமா சலிக்கவில்லை. ஓரம் ஓரமாகத் தூக்கித் தூக்கி வைத்து, படகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். முன்பக்கம் தெரிந்தது. பிறகு அடிப்பக்கம் தெரிந்தது. பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அங்கயே நிப்பாட்டுங்க தம்பி. அடியில அகலத்தக் கொஞ்சம் கூட்டினா எப்படி வரும்?"

மாமா கீபோர்டில் ஏதோ தட்டினார். படகின் வயிறு அகன்றது. பாய் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நம்ம பட்டறையில தங்குறதுக்கு ரூம் இருக்கு தம்பி" என்று அவர் ஆரம்பிக்கும்போது அம்மா டீ கொண்டு வந்தாள்.

"அதுக்கெல்லாம் இவனுக்கு எங்க பாய் நேரம்? லீவுல வந்திருக்கான். மெட்ராஸ்ல ஆபீசே இவன நம்பித்தான் ஓடுது."

பாய் மாமாவைப் பார்த்தார். "அப்படிங்களா தம்பி?"

அப்பா இருமினார். மாமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். டீத் தட்டைப் பிடித்தபடி அவள் பெருமையாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றார் மாமா.

"அப்பச் சரி. அந்த வேலய விட்டுட்டு இங்கிட்டு வந்து மரத்தூசியில எதுக்குக் கெடக்கணும்" என்று பாய் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். நல்ல மிஷின் என்று வாசலில் இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்ப வரவில்லை.

ஏன்டா அதற்குள் எழுந்து போய்விட்டார் என்று அம்மா கேட்டாள்.

"தட்டு சரியில்லக்கா. அம்பு நகர மாட்டேங்குது."

அம்மா அன்றைக்கே அந்தத் தட்டை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுப் பளிச்சென்று தேய்த்து வைத்தாள். மிச்சம் இருந்த கோடுகளும் போயின. "இப்ப நல்லாருக்குக்கா" என்று மாமா அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவருடைய லீவு நீண்டுகொண்டே போனது. எனக்கு அதில் சந்தோஷம்தான். அம்மாவோடு மட்டும் தீபாவளி வரைக்கும் நான் சரியாகப் பேசவில்லை. சூடம் கொளுத்தினாள் என்று.