பார்த்தேன் என்று சொன்னவள்

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அதில் எட்டு வருடம் என்னை எல்லோருக்கும் பிடித்திருந்தது. நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்பதால். அது அப்போது எனக்குத் தெரியாது.

பஞ்சு சீவுகிற மெஷினில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். அதற்கென்றே உள்ளே ஒரு சுவிட்ச் இருக்கும். அடிக்கடி நின்றால் உற்பத்தி குறைகிறது என்று எங்கள் சூப்பர்வைசர் அந்தச் சுவிட்சைக் கம்பியால் இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டார். கதவைத் திறந்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்களும் கையை விட்டு அடைப்பை எடுப்போம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், யாரும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

ஒருநாள் காலை ஷிப்டில் பக்கத்து மெஷினில் நின்ற பெண்ணின் வலது கை உள்ளே போய்விட்டது. மூன்று விரல்கள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், மில் விடுதியில் தங்கியிருந்தாள், இருபத்தொரு வயது. அவள் கத்தியது மெஷின் இரைச்சலில் கேட்கவில்லை, வாய் திறந்திருந்ததைத்தான் பார்த்தேன். ஓடிப்போய் மெயினை அணைத்தது நான்தான்.

பத்து நாள் கழித்துத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். அதற்குள் கம்பிகளை எல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். ஆய்வாளர் எங்களை வரிசையாக நிறுத்தி, மேனேஜரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார். யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் கேட்ட மாதிரி இருந்தது. "அந்தப் பொண்ணு கொஞ்சம் வெளையாட்டுப் புத்தி சார்" என்று மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், வெறும் கோபம். "நான் பாத்தேன் சார்" என்றேன். கம்பியையும் சொன்னேன், கட்டச் சொன்னவரையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

எங்கள் மில் பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்கள் டிபன் பையை வைத்து மற்றவர்களுக்கு இடம் பிடிப்பார்கள். மறுநாள் என் ஸ்டாப்பான நாகல் நகரில் ஏறினேன். காலியாக இருந்த சீட்டில் எல்லாம் பை இருந்தது. கேட்டால் "ஆள் வருது" என்றார்கள். வேடசந்தூர் வரை நின்றுகொண்டே போனேன். ஒரு ஆளும் வரவில்லை, பைகள்தான் உட்கார்ந்து வந்தன.

ஆறு வருடம் என்னோடு ஒரே டப்பாவில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எடுத்துச் சாப்பிட்ட ஒருத்தி மட்டும் வாயைத் திறந்தாள். "ஒங்களுக்கு எதுக்குக்கா இந்த வேல? இப்ப செத்த நேரம் ஒக்காரக்கூட விட மாட்டேங்குறாய்ங்க. எல்லாம் ஒங்களாலதான்."

விரல் போன அன்றுகூட இவ்வளவு கோபம் யாருக்கும் வரவில்லை. சூப்பர்வைசரைப் பார்த்து வழக்கம்போல வணக்கம் வைத்தார்கள். நான்தான் போட்டுக்கொடுத்தவள்.

அடிபட்டவளாவது என் பக்கம் இருப்பாள் என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஆத்தூர் போனேன். அவளுடைய அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவள் துப்பட்டாவுக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கச்சிக்கு வேலை தருவதாக மில்லில் சொல்லியிருந்தார்களாம். நான் சொன்னதற்கு அப்புறம் அதை நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

"நானேதான் அஜாக்கிரதையா கைய விட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேங்க்கா. எடது கையாலதான் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் சரியாப் பாக்கலன்னு சொல்லிருங்க."

"அப்ப நான் பொய் சொன்னேன்னு ஆயிராதா?" என்றேன்.

"ஆகட்டுமே. ஒங்களுக்கு வெரலு பத்தும் இருக்குல்லக்கா."

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

மறுவாரம் மில் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன்: மெஷின் மறைத்துக்கொண்டிருந்ததால் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மேனேஜரே பேனாவை எடுத்துக் கொடுத்தார். முதல் தடவையாக அந்த ரூமில் எனக்கு நாற்காலி போட்டார்கள், டீ கூட வந்தது. குடித்தேன்.

இரண்டு நாளில் அந்தப் பெண்ணின் அப்பா ஒரு பை நிறைய அவரைக்காயோடு மில் வாசலில் வந்து நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். "நீ நல்லாருக்கணும் தாயி. ஒன்ன மாதிரி மனசு யாருக்கு வரும்?" என்றார். உண்மையைச் சொன்னபோது இந்த உலகத்தில் ஒருத்தர்கூட என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "அழுகாத தாயி, எல்லாம் சரியாப் போச்சு" என்று தேற்றினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேல்தான் அருவருப்பாக இருந்தது.

நாலைந்து மாதம் கழித்துத் தங்கச்சி வேலைக்கு வந்தாள். பதினெட்டு முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா நின்ற மெஷினிலேயே அவளையும் நிறுத்தினார்கள். சுவிட்சை மறுபடியும் கம்பியால் கட்டி வெகுநாள் ஆகியிருந்தது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டே அவள் என்னிடம் திரும்பி, "அக்கா, இதுல எதாச்சும் சூதானமா இருக்கணுமா?" என்று கேட்டாள்.

சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல. வேலையப் பாரு" என்றேன்.