லூர்த்தம்மா கேட்ட தண்டனை

குருநகர் மீன்சந்தையில் லூர்த்தம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தவர்களின் பரம்பரையையே சந்திக்கு இழுத்துவிடுவாள். புருஷன் விட்டுப் போனபின் அந்த வாயை வைத்துத்தான் ஒரே மகன் சிமியோனை ஆளாக்கினாள்.

எண்பத்துநாலில், யாழ்ப்பாணத்து இளைஞர்களைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், சிமியோனையும் பொலிஸ்காரர் பஸ் நிலையத்தில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். பார்த்தவர்கள் ஓடிவந்து சொன்னார்கள். பொலிஸ் நிலையத்திலோ, அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். திரும்பத் திரும்ப அதையே சொன்னபோது, அவள் வாசலில் நின்று சந்தையில்கூடச் சொல்லாத வார்த்தைகளைச் சொன்னாள். சனம் கூடிவிட்டது. பொது இடத்தில் தூஷணம் பேசிக் குழப்பம் விளைவித்தாள் என்று வழக்குப் போட்டார்கள்.

வழக்குப் பேசும் அப்புக்காத்து செல்வநாயகத்திடம் அவளைக் கூட்டிப்போனது பக்கத்து வீட்டுக்காரனான நான்தான்.

“குற்றத்தை ஒப்புக்கொள்ளும், லூர்த்தம்மா. சின்னத் தண்டத்தோடை வீட்டை போகலாம். மறுத்துத் தோத்தால் மறியலிலை அடைச்சும் போடுவாங்கள்.”

“மறுத்தால் உந்தப் பொலிஸ்காரங்கள் கூண்டிலை ஏறிச் சாட்சி சொல்லவேணும் எல்லோ, ஐயா?”

“ஓம்.”

“நான் ஏன் கத்தினனான் எண்டு நீங்கள் அவங்களைக் கேக்கலாம் எல்லோ?”

“கேக்கலாம். ஆத்திரமூட்டினதாலை கத்தினீர் எண்டதுதான் எங்கடை வாதம்.”

“அப்ப கேளுங்கோ. என்ரை பிள்ளையின்ரை பேரை நீதவானுக்கு முன்னாலை அவங்கள் சொல்லட்டும். மறியலுக்கு நான் போறன்.”

வழக்கு நாளில், மீன் மணம் போகக் கைகளைத் தேசிக்காயால் தேய்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பெயரைக் கூப்பிட்டதும் பொலிஸ்காரர் எழுந்து, வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். நீதவான் அவளை விடுதலை செய்தார்.

“நான் கத்தினனான், ஐயா! தூஷணமும் சொன்னனான். என்னைத் தண்டியுங்கோ. ஏன் கத்தினனான் எண்டு மட்டும் கேளுங்கோ!”

வழக்கே இல்லாதபோது அவர் எதைக் கேட்பது? அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வெளியே யாரோ ஒருவன், “வழக்கிலை வெண்டிட்டியள், அக்கா” என்றான். அவனை அறையலாம் போலிருந்தது எனக்கு.

அவள் வீட்டுக்கு வரவில்லை. நேரே பொலிஸ் நிலைய வாசலுக்குப் போய், அதே வார்த்தைகளையும் அதைவிட மோசமானவற்றையும் கத்தினாள். காவலுக்கு நின்றவன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். தொண்டை அடைத்துச் சத்தம் வராமல் போகும்வரை கத்தினாள். அவளைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை.