கமலாட்சியின் ஒன்றரை கிராம் விமானம்

மூச்சை அடக்கிக்கொண்டு, விமானத்தின் மூக்கில் ஒட்டியிருக்கும் களிமண்ணிலிருந்து கடுகில் பாதியளவு கிள்ளி எடுக்கிறார் கமலாட்சி. மூக்கு கனத்தால் சீக்கிரம் இறங்கிவிடும்; ரொம்ப லேசானால் தலை தூக்கித் தடுமாறும். பல்சா மரச் சீவலும் வெங்காயத் தோல் போன்ற தாளும் சேர்ந்து ஒன்றரை கிராம். முறுக்கிய ரப்பர் இழை பிரியப் பிரியக் காற்றாடி சோம்பலாகச் சுழலும். மூடிய கூடத்துக்குள் மட்டுமே பறக்கும்; சின்னக் காற்று பட்டாலும் தடுமாறிவிடும்.

வாரத்தில் ஆறு நாள் அவர், பிரெஞ்சு கலந்த மொழி பேசும் தீவொன்றில், பாம்பூ என்ற ஊரில் ஓர் உள்ளாடை ஏற்றுமதித் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். நாற்பது தையல் இயந்திரங்களுக்கு நடுவே நடந்தபடி "வீத், வீத்" என்று பெண்களைச் சீக்கிரம் தைக்கச் சொல்லி விரட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சாந்த் குருவா என்ற ஊரிலுள்ள கோயிலில் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறோடு பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் அதே வாய் "தூஸ்மான், தூஸ்மான்" என்று எல்லோரையும் மெதுவாக நடக்கச் சொல்லும். ஏழு பேர் கொண்ட விமானக் குழுவில் அவர் ஒருவர்தான் பெண். வேடிக்கை பார்க்க வந்த நாத்தனார் சாந்தகுமாரி, முந்தானையால் விசிறிக்கொண்ட குற்றத்துக்காக வெளியே அனுப்பப்பட்டார்.

மண்டபத்தின் கூரை தாழ்வு. ஏழு நிமிஷம் நாற்பது விநாடிக்கு மேல் அங்கே பறக்கவிட முடியவில்லை. தொழிற்சாலைக் கூடமோ அதைப்போல் இரண்டு பங்கு உயரம். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் கமலாட்சிக்கு நாக்கில் நீர் ஊறும்.

1988 ஜனவரியில், பிரான்சிலிருந்து சரக்கு வாங்க மூன்று பேர் வருவதாக இருந்தது. மேனேஜர் ரோபெர் கமலாட்சியைக் கூப்பிட்டார்.

"நம்ம ஆளுங்க விரல் எவ்வளவு நுணுக்கம்னு அவங்க பார்க்கட்டும். உன் விமானத்தை மூணு நிமிஷம் பறக்கவிடு. அப்புறம் என் பேச்சு."

"மூணு நிமிஷத்துல அது ஏறிக்கிட்டுத்தான் இருக்கும், மிஸ்யே."

ஒரு வாரம் உழைத்தார். இன்னும் மெல்லிய, இன்னும் நீளமான ரப்பர். தூண்களில் முட்டாமல் சின்ன வட்டமாகச் சுற்ற, இடது இறக்கையில் மயிரளவு முறுக்கு.

அன்றைக்கு மின்விசிறிகள் நிறுத்தப்பட்டன, ஜன்னல்கள் சாத்தப்பட்டன. கோட்டுப் போட்ட மூவரும் புழுக்கத்தில் வேகத் தொடங்கினார்கள். கமலாட்சி ஆயிரத்து நானூறு சுற்று முறுக்கி, "முருகா" என்று விரலை எடுத்தார்.

மூன்று நிமிஷம் ஆயிற்று. ஆறு ஆயிற்று. விமானம் கூரைக் கம்பிகளுக்கு ஒரு முழம் கீழே, யாரையும் சட்டை செய்யாமல் வட்டமிட்டது. ரோபெர் பேச்சுத் தாளால் விசிறிக்கொண்டார்.

"பா பூஸே, மிஸ்யே. அசையாதீங்க."

மேனேஜரைப் பார்த்து ஒருவர் அசையக் கூடாது என்று சொல்லித் தையல் பெண்கள் கேட்டதில்லை. முன்வரிசையில் தைக்கும் பியெரெட் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். மின்சாரம் இருக்கும்போதே நாற்பது இயந்திரங்களும் சும்மா இருந்ததும் அன்றுதான்.

"இறக்கு," என்றார் ரோபெர், கமலாட்சியின் காதருகே.

"அதுக்கு பிரேக் இல்லை."

அவர் மின்விசிறி சுவிட்சை நோக்கி நடந்தார். கமலாட்சி முந்திப்போய்ச் சுவிட்சுப் பலகையில் முதுகைச் சாய்த்து நின்றார். பதினோரு வருஷ வேலை.

"முதல்ல என்னை வேலையை விட்டு எடுங்க. அப்புறம் விசிறியைப் போடுங்க."

ரோபெர் வாயைத் திறப்பதற்குள், வந்தவர்களில் மூத்தவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "விடுங்கள், பார்ப்போம்," என்றார்.

பத்து நிமிஷம் பதினோரு விநாடியில் விமானம் அந்தப் பெரியவரின் பளபளக்கும் ஷூ அருகே, தூசு படிவதுபோல் இறங்கியது. பெண்கள் கை தட்டினார்கள். ரோபெரும் தட்டினார். பெரியவர் குனிந்து புன்னகையோடு வலது கையை நீட்டினார்.

கமலாட்சி அவர் காலடியில் மண்டியிட்டு, விமானத்தைத் தூக்கிப் பிடித்து, அடுத்த தடவை எவ்வளவு முறுக்கலாம் என்று கணக்குப் பார்க்க, ரப்பரில் பிரியாமல் மிச்சமிருந்த முறுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. "தொண்ணூத்தி ஒண்ணு, தொண்ணூத்தி ரெண்டு," என்று உதடு அசைய, இடது கையை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் பொறுக்கும்படி அவருக்குச் சைகை காட்டினார்.