இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

அக்காவின் இசைத்தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அதைப் போட்டுக் கேட்க வீட்டில் மின்சாரம் இல்லை. தோட்டத்தில் மின்சாரம் இருந்தது, தேயிலைத் தொழிற்சாலையிலும் துரை பங்களாவிலும். அப்பா வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார். ஆகவே தலைமையாசிரியரும் நானே. அந்தப் பதவி உயர்வுக்கு நான் யாரையும் காக்கா பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அவர்கள் ஆங்கிலம், டைப், மாதா கோவில் பாட்டு மூன்றையும் கற்றுக்கொடுத்தார்கள். முதலிரண்டும் அவளைக் கொழும்பில் டைப்பிஸ்ட் ஆக்கின. மூன்றாவது, சாயங்காலங்களில் ஒரு ஹோட்டல் பேண்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. முதலில் பாப் பாட்டு பாடினாள். பிறகு அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் பாட்டுக்குப் போனாள். அது என்ன வகை என்று அப்பாவுக்கு ஒருமுறை விளக்கப் போனேன்.

"ஒப்பாரிதானே? அத எதுக்கு லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு பாடணும்?" என்றார்.

பின்னாளில் எவ்வளவோ புத்தகம் புரட்டியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்கவில்லை.

ஆனால் அவருடைய கோபம் பாட்டின்மேல் இல்லை, பெயரின்மேல். அக்காவின் முதல் இசைத்தட்டுக் கம்பெனி அவளுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் சூட்டிவிட்டது. அப்பாவுக்கு விடிந்தால் பெரட்டு. பனியில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பெயருக்குப் பதில் வராவிட்டால் அந்த ஆள் அன்றைக்கு இல்லை. இவ்வளவுதான் அவர் அறிந்த சட்டம். அவர் வைத்த பெயரை அக்கா விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளை 'அது' என்று மட்டுமே சொன்னார். "அது எழுதியிருக்கா?" "அதுக்குச் சளி புடிச்சிருக்காமா?" அக்கறைக்குக் குறைவில்லை. பெயர்தான் இல்லை.

பழைய கம்பெனி அவளை இரண்டு சின்னத் தட்டுகளில் பாடவைத்து, விற்கவில்லை என்று கைகழுவியது. பிறகு கொழும்பில் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி அவளை அழைத்து, பெரிய தட்டு ஒன்று முழுவதையும் அவளுக்கே கொடுத்தது. பதினோரு பாட்டு அவர்கள் சொன்னபடி. கடைசிப் பாட்டு அவள் இஷ்டம். அவள் அம்மாவின் தாலாட்டைப் பாடினாள். அம்மா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தாலாட்டு அப்பா, அக்கா, நான் ஆகிய மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மூவரில் எனக்குப் பாட வராது. அப்பா பாடமாட்டார்.

தட்டை ஹட்டன் ஸ்டேஷனில் என் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வரவில்லை.

"அப்பா அந்தக் கடைசிப் பாட்ட கேட்டாப் போதும்டா தம்பி. ஒன்னும் சொல்ல வேணாம். கேட்டாருன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்."

"நம்ம பெட்டியில போடலாமா?"

"ஐயோ, போட்றாத! அந்த ஊசி கிழிச்சிரும்."

எங்கள் பெட்டி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன சாவி கொடுக்கும் கிராமபோன். ஆணி மாதிரி ஊசி. ஒரே வேகத்தில்தான் ஓடும். புதுத் தட்டோ அதில் பாதி வேகம்கூட இல்லாமல் சுற்ற வேண்டியது. ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில், புதுத் தட்டையும் போடக்கூடிய ரேடியோகிராம் இருந்தது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, "ஞாயித்துக்கெழம நானா கடையில போயி கேட்டுட்டு வருவோம்பா" என்றேன்.

"எனக்கு ஹட்டன்ல ஒரு வேலையும் இல்ல."

"அம்மா பாட்டுப்பா."

"அத அலமாரி மேல வையி."

வைத்தேன். அடுத்த ஞாயிறும் கேட்டேன், அதற்கடுத்த ஞாயிறும். அதே பதில். இடையில் ஒருநாள், "ஹட்டன் போனீன்னா பெட்டிக்கு ஊசி வாங்கிட்டு வா" என்றார். வாங்கிவந்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் கேட்டார். வீட்டில் இருந்தவை நாலைந்து பழைய பக்திப் பாட்டுத் தட்டுகள்தான். வயதானால் பக்தி முற்றும் என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்களைப் படிப்பதில் கெட்டிக்காரன் என்று அப்போதே எனக்கு என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து எல்லா நோய்க்கும் ஒரே நிறம். அது கேட்கவில்லை. தந்தி கொடுத்தேன். அக்கா வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள்தான் கேட்டாள்.

"கேட்டாராடா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாத்தியார் வேலையில் அதற்குப் பழக்கம் உண்டு. முடியவில்லை. "எத்தனையோ தடவ கூப்பிட்டேன்க்கா. வரல."

தலையை ஆட்டினாள். அலமாரிமேல் இருந்த தட்டை எடுத்து உறையிலிருந்து உருவினாள். அப்படியே ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

முதல் பக்கம் புதுசாக, எண்ணெய் தேய்த்த தலைபோல மினுங்கியது. இரண்டாம் பக்கமும் அப்படித்தான், நடுவை ஒட்டி ஒரு விரற்கடை அகலம் தவிர. அந்த வளையம் மட்டும் உழுத மண்போல நரைத்துப் போயிருந்தது. கடைசிப் பாட்டு இருக்கும் இடம்.

"பெட்டியில போட்டிருக்காரு," என்றாள். "நீ பள்ளிக்கூடத்துல இருக்கப்ப."

"அந்த வேகத்துல என்ன வெளங்கியிருக்கும்?"

"அணிலு கத்துற மாதிரி இருந்திருக்கும்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் மாறிப்போனது. நடுவில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதத்தைக் காட்டினாள். "இங்க பாரு. வெரல வச்சு அமுக்கிப் புடிச்சிருக்காரு. ஓட்டத்தக் கொறைக்க. என் குரல் சரியா வர்ற வரைக்கும்."

காகிதத்தில் ஒரு வட்டம் முழுக்கத் தேய்ந்து வெளுத்திருந்தது. அவளுடைய ஆங்கிலப் பெயர் அச்சாகியிருந்த இடமும் அதற்குள்தான் இருந்தது. பெயரை வேண்டுமென்றே அழித்தாரா, விரல் விழுந்த இடம் அதுவா, எனக்குத் தெரியாது. அவர் கேட்டது மகளையா மனைவியையா என்பதும் தெரியாது.

ரயிலுக்கு முன் நானா கடைக்குப் போனோம். நானா தட்டைப் பார்த்துவிட்டு, தேயாத ஒரு பாட்டில் ஊசியை வைக்கப் போனார். "கடைசிப் பாட்டு மட்டும் போதும் நானா," என்றாள் அக்கா.

"அதுல ஒன்னும் இல்லியே மகள். சும்மா கரகரங்குமே."

"பரவாயில்ல. முடியிற வரைக்கும் ஓடட்டும்."

ஓடியது. நடுவில் எங்கோ இரண்டு சொல் அம்மா குரலில் வந்த மாதிரி இருந்தது. அது அக்கா குரல்தான். மற்றதெல்லாம் கரகரப்பு. நானா கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டு எதையோ தேடுகிறவர்போல இருந்தார்.

கொழும்பு போனதும் எனக்குப் புதுத் தட்டு ஒன்று அனுப்பினாள். நல்லது என்னிடம் இருக்கிறது. வீட்டில் இப்போது மின்சாரமும் இருக்கிறது. கெட்டதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அன்றைக்கு ரயிலில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, கட்டை விரலை அதன் நடுவில் அமுக்கியபடி போன ஒரு பெண்ணை.