காட்டமான எண்ணெய்

மகள் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்கிவந்த எண்ணெய் டின்னைத் திறந்ததும், அதன் கந்தக நெடி என்னைத் தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில் இன்று இல்லாத எங்கள் கார் கொட்டகைக்கு இழுத்துப் போயிற்று. அங்கே பக்கத்துச் சந்தையின் மல்லிகையும் கிரீஸும் கலந்து மணக்க, அப்பா தன் இரண்டு இருக்கைக் காரின் கியரை மாற்றி மாற்றிப் போட்டுக் காது கொடுத்துக் கேட்பார். நெடி கூடினால் வலுவும் கூடும் என்று நம்பி, சிறுவயதில், ஆக்ஸில் எனும் பின்சக்கர அச்சுக்கான எண்ணெயை யாருக்கும் தெரியாமல் கியர்பாக்ஸில் ஊற்றியவன் நான். அது உள்ளே கியர் மாற உதவும் பித்தளை வளையங்களை மெல்ல அரித்தது. பழி, காரைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக் மாமாமேல் விழ, அவர் வருவது நின்றது.

"ஆக்ஸில், கியர்பாக்ஸ் ரெண்டுக்கும் இதே ஆகுமாப்பா?"

"கியர்பாக்ஸுக்கு வேண்டாம்மா. பித்தளையைத் தின்னுடும்."

"தாத்தா காரை அந்த மெக்கானிக் கெடுத்த மாதிரியா?"

"அவர் இல்லம்மா," என்றேன். "நான்."