ஒன்பது பங்கு தண்ணீர்

வடதுருவக் கடலுக்குப் போய் உயிரோடு திரும்பிய பத்தாயிரம் பேர் என் மருமகள் தூர்டிஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். பத்தாயிரம் என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். நாற்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்பதில் ஒருத்தி கூட இதுவரை நன்றி சொன்னதில்லை. நானும் அதில் அடக்கம்.

ஒரு கப்பல் பனிக்கடலில் இன்ன வழியாகப் போனால் என்னென்ன கெடும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்துச் சொல்வது தூர்டிஸின் வேலை. வடகோடியில் வாத்ஸோ என்ற கடலோர ஊரில், மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள். அவள் அப்பா சன்னல் வழியாக வானத்தைப் பார்த்து உறுமிவிட்டு, கடலுக்குப் போவார் அல்லது மறுபடி படுத்துக்கொள்வார். மகள் அந்த உறுமலையே பல்கலைக்கழகத்தில் போய்ப் படித்துவிட்டு, துரோம்சோ துறைமுகத்துக்குப் பக்கத்து அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டிலும் அதே புத்திதான். என் மகன் கூரையில் ஏறினால், எந்த இடத்தில் விழுவான் என்று கீழே நின்று முன்னதாகவே காட்டிவிடுவாள். அவளோடு பனிச்சறுக்குக்குப் போவதும் இழவு வீட்டுக்குப் போய் வருவதும் எனக்கு ஒன்றுதான்.

ஆனால் அவள் எரிச்சலிலும் நியாயம் உண்டு. அவளிடம் வருகிறவர்களுக்குக் கணக்கு வேண்டாம், பச்சை நிறம்தான் வேண்டும். சிவப்பு என்று போட்டால், "கொஞ்சம் மஞ்சளாக்க முடியாதா?" என்று மீன்சந்தையில் கேட்பதுபோல் பேரம் பேசுவார்கள். ஒன்றும் நடக்காவிட்டால் வீணாகப் பயமுறுத்தினாள் என்பார்கள். நடந்துவிட்டால், இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்பார்கள்.

போன ஜூனில் எங்கள் பாட்டுக்குழுப் பெண்கள் நாற்பது பேர் ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிவரும் கப்பலில் இடம் பிடித்திருந்தோம். ஹின்லோப்பன் நீரிணை வழியாகப் போகும், பனியில் கரடி உட்கார்ந்திருக்கும் என்று விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை புறப்பாடு. அதற்கு முந்தின வெள்ளி மாலை கப்பல் கம்பெனிக்காரன் ஐவின், தூர்டிஸின் வீட்டுக் கதவைத் தட்டினான். எங்கள் ஊரில் வெள்ளி மாலை என்றால் டாக்கோ, சோளத்தட்டில் கறியும் காயும் அடைத்து வீட்டோடு உட்கார்ந்து தின்பது; நானும் அன்று அந்த மேசையில் இருந்தேன். அந்த நேரத்தில் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதென்றால் தெருவே தீப்பிடித்திருக்க வேண்டும்.

வாசலில் காலணியைக் கழற்றினான். காலுறை ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. எட்டாம் வகுப்பில் நான் அவனுக்குப் பூகோளம் நடத்தியபோதும் அப்படித்தான்.

"தூர்டிஸ், உன் கணக்கு கூட்டல் பத்தொன்பதுன்னு வருது. கீழ 'போக வேண்டாம்'னு எழுதியிருக்க. கை தவறிடுச்சுபோல."

"கை தவறல."

அவர்கள் கணக்கு இப்படி: கடலைப் பத்துப் பங்காக வைத்துக்கொள்வார்கள். எந்தப் பங்கில் எந்தப் பனி என்று வரைபடத்தில் பார்த்து, கப்பலின் உடம்பு தாங்குவதற்கேற்ப மதிப்பெண் போடுவார்கள். வெறும் தண்ணீருக்குக் கூட்டல். பாறைபோல் இறுகிய பல வருடப் பழைய பனிக்குப் பெரிய கழித்தல். கூட்டிப்பார்த்து விடை சுழிக்குக் கீழே இறங்காவிட்டால் போகலாம். ஹின்லோப்பனில் அன்று ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு பங்கு பழைய பனி; கூட்டினால் அந்தப் பத்தொன்பது.

"ஒன்பது பங்கு தண்ணி இருக்கே தாயே," என்றான் ஐவின்.

"தண்ணில யாராவது மோதுவாங்களா? மோதப் போறது அந்த ஒரு பங்குல. அப்புறம் மிச்ச ஒன்பதும் ஓட்டை வழியா உள்ளதான் வரும்."

"இந்தக் கணக்கப் போட்டு வெச்சதே உன்ன மாதிரி படிச்சவங்கதானே?"

"ஆமா. அதனாலதான் கீழ மனுஷன் எழுதறதுக்கு ஒரு எடம் விட்டிருக்காங்க. இது இன்னிக்கு வரைபடம். அடுத்தது திங்கக்கிழமைதான். காத்து வடக்கேருந்து அடிக்குது. பனிக்கும் சனி ஞாயிறு லீவுன்னு நெனச்சியா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏம்மா தூர்டிஸ், நாங்க போறதே பனியப் பாக்கத்தானே?"

"குன்வோர், நீங்க வெள்ளரிக்காய நறுக்குங்க," என்றாள் என்னிடம். எங்கள் ஊரில் மாமியாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஐவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீ போடலேன்னா வேற யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்க."

தூர்டிஸ் தாளையும் பேனாவையும் சோளத்தட்டுக்கும் சாஸுக்கும் நடுவே அவன் பக்கம் தள்ளினாள். "வேற ஆள் எதுக்கு? நீயே போடு. உன் டீச்சர் எதிர்லயே போடு. அங்க ஓட்டை விழுந்தா, ஆள் வந்து சேர அஞ்சு நாள் ஆகும்னு வெச்சுத்தான் உயிர்காப்புப் படகுல சாப்பாடே ஏத்தறாங்க. அஞ்சு நாள், தெறந்த கடல்ல, நாப்பது பேரு."

"பாடவும் செய்வாங்க," என்றான் என் மகன், வாயில் டாக்கோவோடு.

ஐவின் பேனாவை எடுத்தான். எனக்குக் கரடி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. "போடுடா ஐவின், எனக்கு என்ன இன்னொரு ஆயுசா இருக்கு?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். தாளில் பத்தொன்பது என்ற எண்ணைப் பார்ப்பது சுலபம்தான். மூக்கில் சாஸ் ஒட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்துக் கையெழுத்துப் போடத்தான் யாருக்கும் வராது. பேனாவை வைத்துவிட்டான்.

"நீங்க இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கணும் டீச்சர்," என்று எழுந்துபோய்க் காலணியை மாட்டினான்.

ஆக, மேற்குக் கரையோரமாகவே போய் வந்தோம். மழை. கரையில் தந்தம் நீண்ட வால்ரஸ் ஒன்றின் முதுகு தெரிந்தது, அதுவும் திரும்பிப் படுத்துக்கொண்டது. நாற்பது பெண்களும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், நான் எல்லோரையும்விட உயரமாக. திங்கட்கிழமை வரைபடம் வந்தது. ஹின்லோப்பன் முழுக்க வெறும் தண்ணீர், ஒரு துண்டுகூட இல்லை. ஐவின் அதைத் தூர்டிஸுக்கு அனுப்பினான். கூட ஒரு வார்த்தை இல்லை, ஒரு சிரிப்பு முகம் மட்டும். அவள் அன்று சமையலறைத் தரையைத் தேய்த்த தேய்ப்பில் மரம் வெளுத்துவிட்டது. "இப்ப பனி இல்லேன்னா அப்ப ஆபத்தும் இல்லேன்னு ஆயிடுமா? யாருக்குப் புரியவைக்கறது?" என்று வாளியிடம்தான் கேட்டாளாம்; கப்பலில் இருந்த எனக்கு மகன் சொன்னது.

எனக்கும் ஒருவாரம் கோபம் தீரவில்லை. ஆனால் அதே ஞாயிறன்று எங்களுக்குப் பதிலாக ஹின்லோப்பனுக்குள் நுழைந்த வேறொரு கப்பல், ஒரு பசுமாடு படுக்கிற அளவுக்கு மூக்கு நசுங்கித் திரும்பி வந்தது. நாங்கள் திரும்பி வந்து இறங்கிய லாங்யர்பியன் துறைமுகத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். பாட்டுக்குழுவில் இதைச் சொன்ன பிறகுதான் தூர்டிஸைத் திட்டுவது நின்றது.

இதுவரை எழுதியதைச் சற்றுமுன் படித்துக்காட்டினேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த தூர்டிஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது பனில இடிச்சதில்ல குன்வோர். துறைமுகச் சுவர்ல இடிச்சது. மாடு அளவும் இல்ல, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அந்தக் கப்பல் ஹின்லோப்பன் பக்கமே போகல. பனி இல்லாமப் போயிருந்தாலும் நான் வேண்டாம்னு சொன்னது சரிதான். எழுதறதுன்னா அத எழுதுங்க."