ஆட்காட்டிக்கு நட்ட மஞ்சள் கல்

இன்று காலை லிஃப்டில் எதிர்வீட்டு அம்மா பூஜைத் தட்டோடு நின்றார்கள். கற்பூர வாசனை. மற்றவர்களுக்குப் பக்தி வரும். நான் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியைப் பிடித்தேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது வாடகை குறைவென்று திருநின்றவூரில் குடியேறிய புதிது. ஞாயிறு விடிந்தால் கழுத்தில் பைனாகுலரோடு ஏரிக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்குக் கிளம்பிவிடுவேன். பறவை பார்க்கிறேனாம்! பாதி நேரம் காலில் தைத்த வேலிக்காத்தான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கூட்டாளி செல்வம், உள்ளூர்க்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துக் கொட்டாவியோடு வந்து சேர்வான்.

அங்கே மனை பிரித்து, ரோட்டுக்கு ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஆட்காட்டிக் குருவிக்கு அது போதும்; அதன் முட்டையும் ஜல்லியும் ஒரே நிறம். நட்டநடு ரோட்டில் நாலு முட்டை இட்டுவிட்டு, நாங்கள் எட்டிப் பார்த்தாலே தலைக்கு மேல் சுற்றித் திட்டித் தீர்க்கும்.

ஒரு ஞாயிறு போனபோது ரோடு ரோலர் வந்து நின்றிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். கரண்ட் கம்பியில் காக்கைகள் வரிசையாக, சத்தமே இல்லாமல். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

"இன்னா மாமே முழிக்கிற? இரு, வந்துர்றேன்" என்று ஓடிய செல்வம், மஞ்சளும் குங்குமமுமாகத் திரும்பினான். முட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தான். "சாமி கீதுன்னா எவனும் கை வெக்க மாட்டான்."

டிரைவர் வந்தார், பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரோலரை வளைத்து ஓட்டிக்கொண்டு போனார். புதருக்குப் பின்னால் நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அந்த வருஷத்தில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தூரத்திலேயே கற்பூரம் மணத்தது. கல்லைச் சுற்றிக் கூட்டம். ஒரு அம்மா எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆட்காட்டிகள் இரண்டும் தள்ளிப்போய் நின்றன. கத்தவில்லை. கம்பியில் ஒரு காக்கைகூட இல்லை. எல்லாம் கீழே இறங்கி, கூட்டத்தின் ஓரத்தில் முட்டை ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்தன.

செல்வம் கூட்டத்துக்குள் புகுந்தான். "யம்மா, இது நான் நட்ட கல்லும்மா!"

"ஆத்தா கனவுல வந்து சொன்னாளா நைனா?" என்று அந்த அம்மா அவன் காலிலேயே விழப் போனார். அவன் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

இப்போது பொட்டல் முழுக்க வீடுகள். முள் இல்லை, குருவி இல்லை, செல்வமும் மாங்காட்டுப் பக்கம் போய்விட்டான். நேராக வரும் தார் ரோடு ஓரிடத்தில் மட்டும் வளைகிறது. அம்மனுக்காக வளைந்தது என்கிறார்கள் புதிதாக வந்தவர்கள். நாலு முட்டைக்காக என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?